அடுப்பும் சலங்கையும்

நாட்டியத்துக்கு மேடை இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் மேடைக்கு மின்கட்டணம் கட்டிப் பார்த்ததில்லை. ஒத்திகைக்கு இடம், ஆசிரியருக்குச் சம்பளம், உடை, விளக்கு என்று செலவு நீளும். இந்தக் கணக்கைக் கோலாலம்பூரின் கலை மையங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் போட்டிருக்கின்றன. அவற்றில் விசித்திரமானது பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. அங்கே கலைக்குச் சோறு போட்டது சோறுதான்.

அங்குள்ள ஜாலான் பெர்ஹாலாவில் 1894-இல் சிங்களர்கள் நிறுவிய பௌத்த மகா விகாரையும் சக்தி விநாயகர் கோயிலும் இருக்கின்றன. அதே சாலையில் 'டெம்பிள் ஆப் பைன் ஆர்ட்ஸ்' இயங்குகிறது. 1981-இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய மையம் இது. கோபால் ஷெட்டி - ராதா ஷெட்டி, வி.கே. சிவதாஸ் - வத்சலா சிவதாஸ் என்ற இரு நடனத் தம்பதியர் அதற்குத் தோள் கொடுத்தார்கள். ரயில்வே வேலைக்கு வந்த தமிழர், யாழ்ப்பாணத்தார் குடும்பங்களால் நிறைந்திருந்த வட்டாரத்தில் பாட்டும் பரதமும் கற்கப் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை.

பரதநாட்டியம், ஒடிசி, கர்நாடக இசை, இந்துஸ்தானி இசை, வீணை, மிருதங்கம், தபலா எல்லாம் ஒரே கூரையின் கீழ். வகுப்புகள் அடுத்தடுத்து இருப்பதன் லாபம் நாட்டிய நாடகம் போடும்போதுதான் தெரியும். பாடகரையோ தாளக்காரரையோ தேடி வெளியே அலைய வேண்டியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் லங்காவித் தீவின் மசூரி என்ற பெண்ணின் பழங்கதையையும், சைகோவ்ஸ்கியின் 'ஸ்வான் லேக்' பாலேயையும்கூட இந்திய நடனத்தில் மேடையேற்றினார்கள். சுத்த சம்பிரதாயக்காரர்கள் முகம் சுளிக்கலாம். மலாய்க்காரரும் சீனரும் பக்கத்து வீட்டில் இருக்கும் ஊரில் கலை வேறு எப்படி வளரும்?

இனி அடுப்பு. மையத்தோடு சேர்ந்து வளர்ந்தது 'அன்னலட்சுமி' சைவ உணவகம். வேண்டியதைச் சாப்பிடு, மனதுக்குப் பட்டதைக் கொடு என்பதே தொடக்கத்தில் வகுத்த விதி. சமைப்பதிலும் பரிமாறுவதிலும் தொண்டர்களின் கை பெரிது. வரும் பணம் கலைப் பணிக்குப் போகும். சிங்கப்பூர், பெர்த், கோயம்புத்தூர் என்று மையம் கிளை விட்ட ஊர்களுக்கும் இந்த அடுப்பு போய்ச் சேர்ந்தது. சுவாமி 2005-இல் மறைந்த பிறகும் அணையவில்லை. ஆனால், குருவின் சொல்லுக்காகக் கரண்டி பிடிக்கும் கூட்டம் இல்லாத இடத்தில் இந்த ஏற்பாடு எடுபடுமா என்பது சந்தேகம்தான்.

தித்திவங்சாவில் உள்ள 'சூத்ரா' நடன மையத்தின் கதை வேறு. அது ஒரு மனிதரின் பிடிவாதம். அடையாறு லட்சுமணனிடம் பரதமும் தேவ பிரசாத் தாஸிடம் ஒடிசியும் பயின்ற மலாய்க் கலைஞர் ராம்லி இப்ராஹிம் 1983-இல் தொடங்கியது. வீட்டோடு ஓவியக்கூடமும் திறந்தவெளி அரங்கும் உண்டு. 2018-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

செந்தூலில் இருக்கும் கேஎல்பேக் (கோலாலம்பூர் நிகழ்கலை மையம்) அரங்கு இடம் மாறி வந்தது. ஃபரிடா மெரிக்கன், ஜோ ஹாஷம் தம்பதியர் 1989-இல் தொடங்கிய 'ஆக்டர்ஸ் ஸ்டூடியோ' நாடகக் குழுவின் அரங்கு டத்தாரான் மெர்டேக்காவுக்கு அடியில், பிளாசா புத்ராவில் இருந்தது. 2003 ஜூன் திடீர் வெள்ளம் அதை மூழ்கடித்தது. ஒய்டிஎல் நிறுவனமும் புடி பென்யாயாங் அறக்கட்டளையும் கைகொடுக்க, 2005-இல் செந்தூலின் பழைய ரயில்வே கட்டடமொன்றில் புது அரங்கு எழுந்தது. ஏராளமான தமிழர்கள் உழைத்த, 1945-இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசிய ரயில்வே பணிமனைப் பகுதி அது. இன்று சுமார் 500 இருக்கைகள் கொண்ட பெரிய அரங்கில் நாடகம், இசை, நடனம் மூன்றும் மாறி மாறி நடக்கின்றன.

2020 மார்ச் 18-இல் கொரோனா தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எல்லாக் கணக்கும் ஒரே நாளில் நின்றது. டிக்கெட் விற்க நிகழ்ச்சி இல்லை. உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட அனுமதி இல்லை. பெரிய நிறுவனத்தின் துணையோடு எழுந்த செந்தூல் அரங்கும் மக்களிடம் நன்கொடை கேட்க வேண்டியதாயிற்று.