ஒரே தளம், பல கம்பெனிகள்: சான்றிதழ் யாருக்குச் சொந்தம்?

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் ஒரு கண்டெய்னர் கப்பலேறுவதற்குள் நான்கைந்து கம்பெனிகளின் ஆட்கள் அதைத் தொட்டிருப்பார்கள். சரக்கை உள்ளே அடுக்கியவர்கள் ஏற்றுமதியாளரின் ஆட்கள், அல்லது சிஎஃப்எஸ் எனப்படும் கண்டெய்னர் சரக்குக் கிடங்கின் ஒப்பந்தத் தொழிலாளர்கள். சுங்க வேலையை முடித்தவர் கஸ்டம்ஸ் புரோக்கரின் ஊழியர். ட்ரெய்லர் ஓட்டுநருக்கு வேறொரு முதலாளி, டெர்மினலில் கிரேன் இயக்குபவருக்கு இன்னொருவர், கப்பல் தளத்தில் கண்டெய்னர்களைக் கட்டி இறுக்கும் லாஷிங் போடுபவருக்கு, சரக்கு ஏற்றி இறக்கும் ஸ்டீவடோர் ஒப்பந்தக்காரர். சம்பளப் பட்டியல்கள் தனித்தனி என்றாலும் அபாயம் எல்லோருக்கும் பொது. கடல்வழி அபாயச் சரக்குகளுக்கான சர்வதேச விதித்தொகுப்பு, அவற்றை ஒன்பது வகுப்புகளாகப் பிரிக்கிறது. அவற்றைக் கையாளும் கரைப் பணியாளர்களுக்கும் பயிற்சி கட்டாயம் என்று 2010 ஜனவரி முதல் அது சொல்கிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை விதிகள் திருத்தப்படுவதால், ஒருதரம் படித்தால் ஆயுளுக்கும் போதும் என்று யாரும் இருந்துவிட முடியாது.

இந்தப் பயிற்சி ஏட்டளவில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டைத் தேடித் தொலைதூரம் போக வேண்டாம். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பற்றியது. நைட்ரிக் அமிலம் இருந்த ஒரு கண்டெய்னரில் கசிவு இருப்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. கத்தாரின் ஹமத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் அதை இறக்க வழி கிடைக்காமலேயே கப்பல் கொழும்புக்கு வந்தது. ஜூன் 2-ஆம் தேதி அது மூழ்கத் தொடங்கியது. டன் கணக்கான பிளாஸ்டிக் மணிகள் இலங்கையின் மேற்குக் கரையில் ஒதுங்கின. அப்படியொரு விபத்து இங்கே நேர்ந்தால் என்ன ஆகும்? தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகளும் பவளப்பாறைகளும் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா இருக்கிறது. சரக்கு அடுக்குபவரிலிருந்து கப்பல் அதிகாரி வரை அந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி அறியாமல் இருந்தாலும் போதும், மற்றவர்களின் அறிவு வீணாகிவிடும். ஆகவே பெரிய கம்பெனியின் ஊழியர்கள் மட்டும் நன்றாகப் பயிற்சி பெற்றிருப்பதால் துறைமுகம் பத்திரமாகிவிடாது.

பெரிய டெர்மினல்களால் தமக்கென ஒரு பயிற்சித் தளத்தை வைத்துக்கொள்ள முடியும். இருபது ட்ரெய்லர் வைத்திருப்பவராலோ பத்துப் பேர் வேலை செய்யும் கிளியரிங் அலுவலகத்தாலோ முடியாது. இவர்களுக்கு ஏற்றது, பல கம்பெனிகள் சேர்ந்து பயன்படுத்தும் ஒரே இணையப் பயிற்சித் தளம். அதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி அறை இருக்கும். அதன் பெயர், அதன் ஆட்களின் பட்டியல், அதன் மேற்பார்வையாளர் எல்லாம் அந்த அறைக்குள்ளேயே இருக்கும். பாடம் மட்டும் பொது. விதி மாறும்போது பாடத்தை ஓரிடத்தில் திருத்தினால் போதும், எல்லா அறைகளிலும் புதிய பாடமே ஓடும். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 2002-இல் ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியமாஸ் வெளியிட்ட மூடில் என்ற இலவச மென்பொருளின் வழிவந்த சில பதிப்புகள் இந்த ஏற்பாட்டைத் தருகின்றன. 2017-இல் தொடங்கிய மத்திய அரசின் தீக்‌ஷா தளத்தில் மாநிலங்கள் தத்தம் பாடங்களைத் தனித்தனியே நடத்துகின்றன. 2020-இல் ஒப்புதல் பெற்ற கர்மயோகி திட்டத்தின்கீழ், பல துறைகளின் அரசு ஊழியர்கள் ஐகாட் என்ற ஒரே தளத்தில் படிக்கிறார்கள்.

முதல் ஆட்சேபம் முதலாளிகளிடமிருந்து வரும். போட்டிக் கம்பெனியோடு ஒரே தளத்தில் இருந்தால் எங்கள் ஆட்கள் எத்தனை பேர், எந்தச் சரக்கைக் கையாளப் பழகுகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடாதா? நியாயமான பயம்தான். இத்தகைய தளங்கள் பலவற்றில் எல்லாக் கம்பெனிகளின் தகவலும் ஒரே தரவுத்தளத்தில்தான் கிடக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் ஒரு கம்பெனி எண் இருக்கும், ஒவ்வொரு தேடலும் அந்த எண்ணைப் பார்த்தே விடை தர வேண்டும். ஓர் அறிக்கையில் அந்த நிபந்தனை விடுபட்டுப்போனால் ஒரு கம்பெனியின் தேர்ச்சிப் பட்டியல் இன்னொரு கம்பெனியின் திரையில் வந்து நிற்கும். எக்செல் கோப்பாக இறக்கும் வசதி, தானாகப் போகும் நினைவூட்டல் மின்னஞ்சல், யாரும் ஊகிக்கக்கூடிய சான்றிதழ் இணைப்பு ஆகியவையே சுவர் ஓட்டையாகும் இடங்கள். எனவே இரண்டு போலிக் கம்பெனிகளை உருவாக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றை எட்டிப்பார்க்க முயன்று சோதித்த பிறகே தளத்தைத் திறக்க வேண்டும். பொது இடத்தில் தனிக்கணக்கு வைப்பது இந்தக் கரைக்குப் பழகிய காரியமும்கூட. முத்துக்குளிப்புக் காலத்தில் பல உரிமையாளர்களின் படகுகள் ஒரே முகாமில் கரையேறின. சிப்பிகள் படகுவாரியாகப் பிரிக்கப்பட்டு, அரசின் பங்கு போக மீதி குளித்தவர்களுக்குக் கிடைத்தது. கணக்கு ஒழுங்காக இருந்ததால்தான் பொதுமுகாம் நடந்தது.

கம்பெனிகளுக்கு நடுவே இந்தச் சுவர் அவசியம் என்றாலும், அதைத் தொழிலாளியின் படிப்புக்குக் குறுக்கே எழுப்பக்கூடாது. இதுவே இந்தக் கட்டுரையின் வாதம். துறைமுக வேலையில் ஆட்கள் ஒப்பந்தக்காரர் விட்டு ஒப்பந்தக்காரர் மாறிக்கொண்டே இருப்பார்கள். தளத்தின் கணக்கு கம்பெனியோடு மட்டும் கட்டப்பட்டிருந்தால், வேலையை விட்ட அன்றே லாகின் முடக்கப்படும், சான்றிதழும் பழைய முதலாளியின் அறைக்குள் சிக்கிக்கொள்ளும். புதிய இடத்தில் அவர் மீண்டும் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்படி மூன்றாம் முறை அதே கேள்வித்தாளைப் பார்ப்பவர் பாடத்தைக் கவனிக்க மாட்டார், விடைகளை மனப்பாடமாகத் தட்டிவிட்டுப் போவார். பயிற்சி சடங்காகிவிடுகிறது.

கடலில் வேலை செய்பவருக்கு இந்தச் சிக்கல் எப்போதோ தீர்ந்துவிட்டது. கப்பல் மாலுமியிடம் சிடிசி எனப்படும் பணிப்புத்தகம் இருக்கிறது. இன்டோஸ் எண் என்ற தேசிய அடையாள எண்ணும் இருக்கிறது. மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான 1978-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையின்படி அவர் பெறும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அவருடையவை. எத்தனை கம்பெனி மாறினாலும், எந்த நாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் ஏறினாலும் அவை கூடவே வரும். தீயணைப்பு, உயிர்காப்பு போன்றவற்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். கப்பலில் நிற்பவருக்குக் கிடைத்திருக்கும் இந்த மரியாதை, அதே கப்பலுக்குக் கரையிலிருந்து சரக்கேற்றுபவருக்கு ஏன் கூடாது? தொழிலாளிக்கு நிரந்தரமான ஓர் எண், அவர் பெயரில் ஒரு பயிற்சிப் பதிவு, அவர் எந்தக் கம்பெனியில் சேருகிறாரோ அந்த அறைக்கு மட்டும் அதைக் காட்டும் வசதி ஆகியவை தளத்தின் அடித்தளத்திலேயே இருக்க வேண்டும். பிறகு ஒட்டவைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது.

“நாங்கள் செலவு செய்து பயிற்சி கொடுப்போம், அவர் போட்டியாளரிடம் போய்விடுவார்” என்று சொல்லப்படும். போவார், உண்மைதான். ஆனால் அங்கிருந்து பயிற்சி பெற்ற இன்னொருவர் இங்கே வருவார். செலவைத் தலைக்கணக்கில் பகிர்ந்துகொண்டால் யாருக்கும் பெரிய நட்டம் இல்லை. தொழிலாளர் தரப்பின் கவலை வேறு. தேர்வில் தவறியதும் பாடத்தைப் பாதியில் விட்டதும் நிரந்தரப் பதிவாகி வேலைக்கு உலை வைக்காதா? அதற்கு வழி, கம்பெனிக்குக் கம்பெனி தேர்ச்சியும் காலாவதித் தேதியும் மட்டுமே போவதுதான். மதிப்பெண்ணும் தவறிய முயற்சிகளும் போகக்கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், என்ன நோக்கத்துக்காக வாங்கினோமோ அதற்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்த வேண்டும் என்ற அடிப்படையிலேயே நிற்கிறது.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம், செல்போன் திரையில் துறைமுக வேலையைக் கற்க முடியுமா என்பது. முழுதும் முடியாதுதான். இந்தத் துறைமுகத்தில் மரத்தடிகள் இறக்குமதியாகின்றன. மூடிய சரக்கறைக்குள் கிடக்கும் மரம் காற்றிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். வாசனை வராது, கண்ணுக்கும் எதுவும் தெரியாது. ஏணியில் இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க ஓடியவரும் விழுவார். காற்றை அளக்கும் கருவியைப் பிடிக்கவும் கயிறு கட்டி ஆளை மேலே எடுக்கவும் களத்தில்தான் பழக வேண்டும். ஆனால் அளக்காமல் ஏன் இறங்கக்கூடாது என்பதையும், விழுந்தவர் பின்னால் ஏன் உடனே குதிக்கக்கூடாது என்பதையும் ஐந்து நிமிடத் தமிழ்ப் படம் மனதில் பதியவைக்கும். வாசிப்புப் பழக்கம் குறைந்தவர்களுக்குக் குரலில் கேள்வி, படத்தில் விடை என்று அமைக்கலாம். களத்தில் செய்துகாட்டியதை மேற்பார்வையாளர் உறுதிசெய்த பிறகே சான்றிதழ் திறக்க வேண்டும். இப்படிச் செய்தால் இணையம் களப்பயிற்சிக்கு முன்தயாரிப்பாகவும் அதன் பதிவேடாகவும் இருக்கும்.

இதை நடத்த வேண்டியவர் போட்டியில் இல்லாத ஒருவராக இருப்பது நல்லது. துறைமுக ஆணையம் முன்னெடுத்து, ஸ்டீவடோர், சிஎஃப்எஸ், லாரி உரிமையாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த ஒரு குழு மேற்பார்க்கலாம். பாடங்களை எழுத, தூத்துக்குடியிலேயே இருக்கும் தமிழ்நாடு மாரிடைம் அகாடமியின் உதவியைக் கேட்கலாம். நூறு பாடங்களோடு தொடங்க வேண்டியதில்லை. அபாயச் சரக்கு, மூடிய சரக்கறை, கண்டெய்னர் லாஷிங் என்று மூன்று பாடங்கள் போதும். கம்பெனிகள் தங்கள் ரகசியங்களைத் தாராளமாகப் பூட்டி வைத்துக்கொள்ளட்டும். பயிற்சிச் சான்றிதழை மட்டும் தொழிலாளியின் கையில் கொடுத்துவிடுங்கள்.