பாலாறும் தோல் தொழிலும்: சட்டம் யார் பக்கம் நிற்க வேண்டும்?

சுற்றுச்சூழல் சட்டம் என்று பேச்செடுத்தாலே இரண்டு குரல்கள் எழுகின்றன. 'சட்டத்தை இறுக்கினால் தொழில் போய்விடும்' என்பது ஒன்று. 'தொழிலை இப்படியே விட்டால் மண்ணும் நீரும் போய்விடும்' என்பது மற்றொன்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதி மக்களுக்கு இது பட்டிமன்றத் தலைப்பு அல்ல. டேனரி நடத்தும் முதலாளியும் அங்கே கூலி வேலை செய்பவரும் கிணறு உப்பாகிப்போன விவசாயியும் ஒரே ஊரில் வாழ்கிறார்கள். பலர் ஒரே ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள்.

பிரச்சினை எப்படி வந்தது?

ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருட்களைக் கொண்டே இப்பகுதியில் தோல் பதனிடப்பட்டது. 1970களின் தொடக்கத்தில், அந்நியச் செலாவணியைப் பெருக்க விரும்பிய மத்திய அரசு, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கப்பட்ட தோலுக்கும் தோல் பொருட்களுக்கும் ஊக்கம் தந்தது. குரோம் முறைப் பதனிடல் வேகமாகப் பரவியது. வேலைவாய்ப்பு பெருகியது, கழிவும் பெருகியது.

அதே காலத்தில்தான், 1974இல், நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆக, ஒரு கை உற்பத்தியைப் பெருக்கச் சொன்னது. மறு கை கழிவை நிறுத்தச் சொன்னது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவை யார் ஏற்பது என்பதை மட்டும் இரண்டுமே தெளிவாகச் சொல்லவில்லை. அந்தச் செலவு கடைசியில் பாலாற்றின் தலையில் விழுந்தது.

1996 தீர்ப்பு

வேலூர் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று தொடர்ந்த பொதுநல வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது, பலருக்கு வேலை தருகிறது என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்காகச் சூழலை அழிக்கும் உரிமை எந்தத் தொழிலுக்கும் இல்லை என்றது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வுத் தகவலையும் தீர்ப்பு பதிவு செய்தது.

இரண்டு கோட்பாடுகள் நாட்டின் சட்டமாக அதில் அறிவிக்கப்பட்டன. ஒன்று, கடும் பாதிப்பு வரும் அபாயம் இருந்தால், முழுமையான அறிவியல் நிரூபணத்துக்காகக் காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். மற்றொன்று, மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும். மாசுபடுத்திய ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சுத்திகரிப்பு வசதி செய்துகொள்ள 1996 நவம்பர் 30 வரை அவகாசமும் தரப்பட்டது.

ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு இவை புதியவை அல்ல. தீங்கு நீக்கப்பட வேண்டும், பொதுத் தீங்கைத் தவிர்க்கத் தனிமனிதர் சிறிது இழப்பைத் தாங்கலாம் என்பவை நம் சட்டக்கலையின் அடிப்படை விதிகள். அதே சட்டக்கலை, சம்பாதிக்கும் உரிமையையும் சொத்துரிமையையும் மதிக்கிறது. எனவே 'மூடு' என்பது முதல் தீர்வாக இருக்க முடியாது. தீங்கை நீக்க வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கடைசித் தீர்வு அது.

தீர்ப்புக்குப் பின்

சிறிய டேனரி ஒவ்வொன்றும் தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது இயலாத காரியம். அரசு மானியத்துடன் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல சிறு தொழில்களைக் காப்பாற்றின. ஆனால் சாதாரணச் சுத்திகரிப்பில் நீரில் கரைந்த உப்பு நீங்குவதில்லை. அதை நீக்கும் எதிர் சவ்வூடு பரவல் முறைக்கு மின்சாரச் செலவு அதிகம். மிஞ்சும் உப்பையும் கசடையும் வைக்க இடமும் வேண்டும். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கசடுத் தொட்டி ஒன்று உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒழுங்குமுறை தளரும்போது முதலில் பலியாவது ஏழைதான்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் இதே பாலாற்றுக்காகத் தீர்ப்பளிக்க நேர்ந்தது. அரசு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு வேண்டும் என்றது. இடையில் ஏறத்தாழ 28 ஆண்டுகள்!

சட்டம் எப்படி இருக்க வேண்டும்?

2023இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறுவோருக்கு இருந்த சிறைத் தண்டனையை நீக்கி, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியது. சிறு தவறுக்காகச் சிறை என்ற அச்சம் நீங்கியது நல்லதே. ஆனால் 15 லட்சம் ஒரு சிறு டேனரியை முடக்கிவிடும். பெரிய ஆலைக்கோ அது சுத்திகரிப்பு நிலையத்தை இயக்கும் செலவைவிடக் குறைவாக இருக்கலாம். அப்போது அபராதம் தண்டனையாக இருக்காது. மாசுபடுத்தக் கட்டும் கட்டணமாகிவிடும். மீறலால் மிச்சப்படுத்திய தொகையைவிட அபராதம் கூடுதலாக இருந்தால்தான் சட்டத்துக்கு மதிப்பு.

கட்டுப்பாடு வந்தால் தொழில் அழிந்துவிடும் என்ற வாதத்துக்கும் அனுபவமே பதில். 1990களில் ஜெர்மனி சில அஸோ சாயங்களைத் தடை செய்தபோது நம் டேனரிகள் மாற்றுச் சாயங்களுக்கு மாறின, ஏற்றுமதி நின்றுவிடவில்லை. விதி தெளிவாக இருந்தது, எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது, மீறினால் சரக்கு திரும்பிவிடும் என்பதும் உறுதியாக இருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் தோலுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, நம் ஊர் விவசாயியின் கிணற்றுக்கும் கிடைக்க வேண்டும்.

சட்டமியற்றுவோர் செய்ய வேண்டியது இதுதான்: தொழிலுக்கு ஊக்கம் தரும் அதே ஆணையிலேயே கழிவுக்கான செலவையும் பொறுப்பையும் எழுதிவிட வேண்டும். சிறு தொழில்களுக்கு உதவியும் தேதி குறித்த அவகாசமும் தர வேண்டும். கழிவுநீரின் அளவீடுகள் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். தொழில் செய்யும் நம் சகோதரர்களும் ஒன்றை மறக்கக்கூடாது. வாரியத்தின் ஆய்வாளர் வராத இரவிலும் ஆற்றில் விடும் கழிவுக்கு அல்லாஹ்விடம் கணக்கு உண்டு.