சுக்கானும் பயனுறு நீர்க்கோட்டு நீளமும்

நீர்க்கோட்டு நீளம் என்பது, மிதக்கும் படகின் உடல் நீர்மட்டத்தைத் தொடும் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையிலான நீளம் ஆகும். படகு ஓடும்போது சாய்வதாலும் அலை எழுவதாலும் இது மாறுபடும். ஓட்டத்தின்போது அலையை உருவாக்குவதில் பங்குகொள்ளும் நீளம் பயனுறு நீர்க்கோட்டு நீளம் எனப்படுகிறது. சிறு பாய்மரப் படகின் பின்புறத்தில் தொங்கும் சுக்கான் இந்நீளத்தை நேரடியாகக் கூட்டுவது மிகக் குறைவே. எனினும் சுக்கானின் வடிவமும் இடமும் வேறு வழிகளில் வேகத்தைப் பாதிக்கின்றன.

நீளமும் வேகமும்

ஓடும் படகு முன்முனையிலும் பின்முனையிலும் அலைகளை எழுப்புகிறது. வேகம் கூடும்போது முன்னலையின் அலைநீளமும் கூடும். அலைநீளம் நீர்க்கோட்டு நீளத்துக்குச் சமமாகும்போது படகு இரு முகடுகளுக்கு இடையே அமைந்துவிடுகிறது. அதற்கு மேல் தடை மிக விரைவாக உயரும். இந்த வேகம் படகுடல் வேகம் எனப்படும். அலைத் தடையை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியியலாளர் வில்லியம் புரூடு மாதிரிக் கப்பல்களைக் கொண்டு ஆராய்ந்தார்.

படகுடல் வேகம் (மீட்டர்/நொடி) ≈ 1.25 × √நீளம் (மீட்டர்)

லேசர் வகைப் படகின் நீர்க்கோட்டு நீளம் ஏறத்தாழ 3.81 மீட்டர். எனவே அதன் படகுடல் வேகம் நொடிக்கு 2.44 மீட்டர். சுக்கானால் 30 சென்டிமீட்டர் முழுமையாகக் கூடுவதாகக் கொண்டாலும், வேகம் 2.53 மீட்டராகவே உயரும்; இது 4 விழுக்காட்டுக்கும் குறைவு. உண்மையில் இவ்வளவும் கிட்டாது. அலையின் அளவு படகு விலக்கும் நீரின் பருமனையும் அப்பருமன் பரவியுள்ள விதத்தையும் சார்ந்தது. மெல்லிய தகடான சுக்கான் விலக்கும் நீர் மிகக் குறைவு. மேலும், லேசர் போன்ற இலகுவான படகுகள் பலத்த காற்றில் நீர்மேல் சறுக்கி ஓடுவதால் இவ்வரம்பைக் கடந்துவிடுகின்றன.

மறைமுக விளைவுகள்

* திருப்பக் கோணம்: படகை நேராகச் செலுத்தச் சுக்கானை எப்போதும் திருப்பியே பிடிக்க வேண்டியிருந்தால் தடை பெருகும். பாயும் அடிப்பலகையும் சமநிலையில் இருப்பின் இக்கோணம் குறையும்.
* காற்று புகுதல்: பின்புறச் சுக்கான் நீர்மட்டத்தை ஊடுருவி நிற்பதால், கூடிய கோணத்தில் மேலிருந்து காற்று இறங்கி அதன் பிடியைக் குறைக்கலாம். உடலின் அடியில் பொருத்திய சுக்கானில் இக்குறை குறைவு.
* எடைப் பரவல்: செலுத்துபவர் மிகவும் பின்னால் அமர்ந்தால் தட்டையான பின்பலகை நீரில் அமிழ்ந்து சுழல்களை உண்டாக்கும். சுக்கான் பிடிக்கு நீட்டுக்கோல் பொருத்தினால் அவர் முன்னால் அமர முடியும்.

இன்ட்ரெபிட் படகு

பெரிய படகுகளில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, ஒலின் சுடீபன்சு வடிவமைத்து 1967 இல் அமெரிக்கக் கோப்பையை வென்ற இன்ட்ரெபிட் ஆகும். அதில் சுக்கான் அடிக்கட்டையிலிருந்து பிரித்துப் பின்னால் அமைக்கப்பட்டது; அதற்கு முன்புறம் உடலின் பின்பகுதி புடைப்பாக்கப்பட்டது. பயனுறு நீளத்தைக் கூட்ட உதவியது நீரை விலக்கும் அப்புடைப்பே ஆகும். சுக்கான் தகடு அன்று.