அந்த மாடு கடைசி ஆறு மாதம் என்ன தின்றது, தெரியுமா?

அமெரிக்காவில் இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகளில் அநேகமாக எல்லாமே புல் மேய்ந்த மாடுகள்தான், தெரியுமா? கன்று பிறந்து ஆறேழு மாதம் தாயோடு மேய்ச்சல் நிலத்தில்தான் திரிகிறது. பால் மறந்த பிறகும் சில மாதம் புல்தான். அப்புறம்தான் பாதை பிரிகிறது! பெரும்பாலான மாடுகளை ஃபீட்லாட் என்னும் தீவனப் பட்டிக்கு ஏற்றிப்போய், நாலு முதல் ஆறு மாதம் மக்காச்சோளம் ஊட்டிக் கொழுக்க வைக்கிறார்கள். கடைசி நாள்வரை புல்லும் உலர்புல்லும் மட்டுமே தின்ற மாட்டை 'கிராஸ் ஃபினிஷ்டு' என்று பண்ணைக்காரர்கள் தனியாகப் பிரித்துச் சொல்கிறார்கள். அதனால் வாங்கப் போகிறவர் "புல் மேய்ந்ததா?" என்று கேட்டால் போதாது. "கடைசி ஆறு மாதம் என்ன தின்றது?" என்று கேட்க வேண்டும்.

சரி, புல்லை மட்டும் தின்று அரை டன் எடைக்கு ஒரு உயிர் வளர்வது எப்படி? மாட்டு வயிற்றில் நான்கு அறைகள் உண்டல்லவா, அதில் முதல் அறையான ரூமென் மட்டுமே 150 லிட்டர் கொள்ளும்! அதற்குள் கோடானுகோடி நுண்ணுயிர்கள். நம் குடலுக்குச் சற்றும் மசியாத செல்லுலோஸை அவைதான் உடைத்துக் கொடுக்கின்றன. ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கிறது, எட்டு மணி நேரம் அசைபோடுகிறது. ஏர் இறங்காத கரட்டு நிலத்துப் புல்கூட இப்படித்தான் உணவாகிறது.

ஏர் இறங்காத நிலம் என்றதும் கான்சஸ் மாநிலத்து ஃபிளின்ட் ஹில்ஸ் ஞாபகம் வருகிறது. வட அமெரிக்காவின் நடுவே ஒரு காலத்தில் ஏறத்தாழ 17 கோடி ஏக்கரில் ஆளுயரப் புல்வெளி விரிந்து கிடந்தது. இன்று மிஞ்சியிருப்பது நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லை! மிஞ்சியதில் பெரும்பகுதி ஃபிளின்ட் ஹில்ஸில்தான். காரணம், மண்ணுக்கு அடியிலேயே சக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்புப் பாறையும். கலப்பை தோற்றது, புல் பிழைத்தது. ஆனால் அந்த அருமையான புல்லில் கோடை முழுக்க மேயும் மாடுகளிலும் பெரும்பாலானவை கடைசியில் ஃபீட்லாட்டுக்கே போகின்றன. ஊர்ப் பெயரைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள்.

லேபிளையாவது நம்பலாமா? இங்கேதான் வியப்புக்கு மேல் வியப்பு! 'கிராஸ் ஃபெட்' என்றால் என்ன என்று அமெரிக்க வேளாண் துறை 2007இல் ஒரு தரவரையறை கொண்டுவந்தது. 2016 ஜனவரியில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது! இப்போது அந்தத் துறையின் உணவுப் பாதுகாப்புப் பிரிவு, உற்பத்தியாளர் கொடுக்கும் ஆவணங்களைப் பார்த்து லேபிளுக்கு ஒப்புதல் தருகிறது. புல் தின்றது என்பதால் ஹார்மோன் போடவில்லை, ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை என்று ஆகிவிடாது. அவற்றைத் தனித்தனியாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும். 2003இல் தொடங்கிய அமெரிக்கன் கிராஸ்ஃபெட் அசோசியேஷன் முத்திரை இருந்தால் நிம்மதி: முழுக்கப் புல், அடைத்து வைக்கக் கூடாது, ஹார்மோன் கூடாது, ஆன்டிபயாடிக் கூடாது, அமெரிக்கப் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்திருக்க வேண்டும்.

பிறந்த ஊர் பற்றிய அந்தக் கடைசி நிபந்தனை ஏன் தெரியுமா? ஆஸ்திரேலியாவிலோ உருகுவேயிலோ மேய்ந்த மாட்டின் இறைச்சியைக் கொண்டுவந்து, அமெரிக்காவில் வெட்டிப் பொதிந்தால், 'அமெரிக்கத் தயாரிப்பு' என்று ஒட்டிக்கொள்ளப் பல ஆண்டுகள் இடம் இருந்தது! பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர் இதனால் பட்ட நட்டம் கொஞ்சமல்ல. 2024 மார்ச்சில் விதியை மாற்றினார்கள். 2026 ஜனவரி 1 முதல், பிறப்பு, வளர்ப்பு, அறுப்பு, பக்குவம் நான்கும் அமெரிக்காவில் நடந்திருந்தால்தான் அந்தச் சொல்லைப் போடலாம்.

இன்னொன்று கேளுங்கள். பண்ணையில் பணம் கட்டி வாங்கி வந்த பொட்டலத்தில் சில சமயம் 'விற்பனைக்கு அல்ல' என்று முத்திரை இருக்கும்! ஏமாற்று இல்லை, சட்டம். சிகாகோ இறைச்சிக்கூடங்களின் அவலத்தை அப்டன் சின்க்ளேர் 'தி ஜங்கிள்' நாவலில் எழுதிய அதே 1906இல்தான் கூட்டாட்சி அரசின் இறைச்சிச் சோதனைச் சட்டம் வந்தது. விற்கும் இறைச்சிக்கு அரசு ஆய்வாளர் பார்வை கட்டாயம். சொந்த மாட்டைச் சொந்தக் குடும்பத்துக்காக வெட்டித் தரும் சிறு அறுவைக்கூடங்களுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே அங்கே வெட்டும்போது நீங்கள் வாங்குவது இறைச்சியை அல்ல, உயிரோடு நிற்கும் மாட்டில் ஒரு பங்கை! மாட்டின் விலை பண்ணைக்காரருக்கு, வெட்டுக்கூலி அறுவைக்கூடத்துக்கு. இரண்டையும் கூட்டித்தான் கிலோ என்ன விலை என்று பார்க்க வேண்டும்.

எடைக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். உயிரோடு 500 கிலோ இருந்த மாடு, தோலும் குடலும் நீக்கித் தொங்கவிட்டால் ஏறக்குறைய 280 கிலோ. எலும்பும் கொழுப்பும் கழித்து வீடு வந்து சேர்வது 180 கிலோ அளவுதான். பல பண்ணைகள் தொங்கும் எடைக்குத்தான் விலை சொல்கின்றன! கால் பங்கு வாங்கினால் ஒரு தொடை வரும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் பாதி மாட்டின் எல்லா வகைத் துண்டுகளையும் சமமாகப் பிரித்துத் தருவார்கள், அதில் கணிசமான பங்கு கொத்துக்கறி. ஃப்ரீசரில் ஒரு கன அடிக்கு 15 கிலோ போல அடங்கும்.

கொழுப்பு மஞ்சளாக இருக்கிறதே என்று முகம் சுளிக்காதீர்கள். கேரட்டில் இருக்கும் அதே பீட்டா கரோட்டின்தான், பசும்புல்லிலிருந்து வந்தது! ஒமேகா-3 சோளம் தின்ற மாட்டைவிட இதில் கூடுதல் என்பதும் உண்மை. ஆனாலும் மத்தி மீனுக்கு இது ஈடாகாது, அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். கொழுப்பு குறைவென்பதால் சீக்கிரம் வெந்துவிடும், தீயைக் குறைத்து வையுங்கள்.

வாங்கத் தகுந்த காரணம் நிலத்தில் இருக்கிறது. வர்ஜீனியாவின் பாலிஃபேஸ் பண்ணையில் ஜோயல் சாலட்டின் தினம் ஒரு புதுத் துண்டு நிலத்துக்கு மாடுகளை நகர்த்துகிறார். சில நாள் கழித்து, சக்கரம் வைத்த கூண்டில் கோழிகள் பின்னாலேயே வருகின்றன! சாணத்தைக் கிளறிப் புழுவைத் தின்று, எருவை நிலமெங்கும் பரப்பிவிடுகின்றன. நம்மூர் வயலில் ஆட்டுக்கிடை போடுவது போன்ற ஏற்பாடுதான். ஜார்ஜியாவில் 1866இலிருந்து ஒரே குடும்பம் நடத்தும் வைட் ஓக் பாஸ்சர்ஸ் பண்ணையில், வில் ஹாரிஸ் 1995இல் சோளத்தையும் ரசாயனத்தையும் விட்டு இந்த வழிக்கு வந்தார். இப்படி வளர்க்கக் காலம் கூடுதல், நிலமும் கூடுதல். விலை ஏறுவதற்கு அதுதான் காரணம், அது நியாயமான காரணம்.

ஊர் ஊராகப் பண்ணை தேட, ஜோ ராபின்சன் தொடங்கிய ஈட்வைல்ட் இணையப் பட்டியல் மாநிலவாரியாக இருக்கிறது. உழவர் சந்தையில் நேரிலும் கேட்கலாம். ஒன்று மட்டும் மறவாதீர்கள்: நாட்டின் கொழுத்த மாடுகளில் 85 சதவீதத்துக்கு அருகே நான்கே நிறுவனங்கள் அறுக்கின்றன, சிறு அறுவைக்கூடங்கள் கொஞ்சம்தான். அங்கே இடம் கிடைத்தால்தான் உங்கள் மாட்டுக்கு நாள் குறிக்க முடியும். இலையுதிர் காலத்தில் கறி வேண்டுமென்றால் வசந்தத்திலேயே பண்ணைக்குப் போன் செய்து முன்பணம் கட்டிவிடுங்கள்.