கணிப்பொறி உள்ளே விட மறுத்தால்...

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு, கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மடிக்கணினியைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். "பாஸ்வேர்டு சரிதான்னு பாப்பா சத்தியம் பண்றாளுங்க சார். இது ஒத்துக்கவே மாட்டேங்குது. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போடணும்னு கடைக்காரர் சொல்றாருங்க" என்றார்.

மகள் தமிழ் வழியில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுடைய பாடப் பயிற்சிகள் அதில் இருந்தன. அதைவிட முக்கியமாக, தாத்தா காலத்து நிலப் பத்திரத்தின் படமும் சாதிச் சான்றிதழின் நகலும் இருந்தன. மொழிச் சிறுபான்மையினராக எல்லையோரத்தில் வாழும் நம் குடும்பங்களுக்குப் பழைய காகிதங்களின் அருமை தெரியும். அழிக்க வேண்டாம் என்று தடுத்தவள் அந்தப் பெண்தான்.

நம் பிள்ளைகளின் வீடுகளில் லினக்ஸ் இருப்பதற்குக் காரணம் உண்டு. கேரள அரசு 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு ரிச்சர்டு ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். பின்னர் பள்ளிகள் படிப்படியாக லினக்சுக்கு மாறின. அந்தத் திட்டமே 2017இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்காகத் தயாரிக்கப்படும் லினக்சைத்தான் சித்தூரிலும் தேவிகுளத்திலும் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள், வீட்டிலும் போட்டுக்கொள்கிறார்கள்.

அன்று நான் செய்த முதல் வேலை மிக எளிது. நுழைவுத் திரையில் கடவுச்சொல் வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். என்ன எழுத்து விழுகிறது என்று தெரியாது. ஆனால் 'பட்டியலில் இல்லை' என்பதை அழுத்தினால் பயனர் பெயர் கேட்கும் கட்டம் வரும். அங்கே தட்டுவது கண்ணுக்குத் தெரியும். 'எம்' விசையை அழுத்தினேன்; 'ர' விழுந்தது. 'ஏ' விசைக்கு 'அ' விழுந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவான 'தமிழ் 99' விசைப்பலகை அது! கணிப்பொறியைத் தயார் செய்தவர் தமிழையும் சேர்த்திருந்தார். நுழைவுத் திரையில் தமிழே முன்னால் நின்றது. மேல் மூலையில் இருந்த மொழிக் குறியை ஆங்கிலத்துக்கு மாற்றியதும் கதவு திறந்துவிட்டது. அந்தப் பெண் சொன்னது முழு உண்மை.

ஆகவே, கடவுச்சொல் ஏற்கவில்லை என்றால் முதலில் விசைப்பலகையின் மொழி, 'கேப்ஸ் லாக்', 'நம் லாக்' இந்த மூன்றையும் பாருங்கள்.

கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு, திரை இருண்டு, மீண்டும் நுழைவுத் திரைக்கே திரும்பி வந்தால் அது வேறு கோளாறு. வட்டு நிறைந்திருக்கலாம். கணிப்பொறியை முடுக்கும்போது 'ஷிஃப்ட்' விசையைப் பிடித்திருந்தால் (புதிய இயந்திரங்களில் 'எஸ்கேப்' விசையைத் தட்டினால்) 'கிரப்' பட்டியல் வரும். அதில் கூடுதல் தெரிவுகளுக்குள் மீட்பு முறை இருக்கிறது. அங்குள்ள 'கிளீன்' என்பது கொஞ்சம் இடம் ஒழித்துத் தரும்.

கடவுச்சொல் உண்மையிலேயே மறந்துபோனால்? லினக்ஸ் அதை அப்படியே எழுதி வைப்பதில்லை. திருப்பிப் படிக்க முடியாதபடி உருமாற்றி வைக்கிறது. எனவே பழையதைக் கண்டுபிடிக்க முடியாது, புதிதாக வைக்கலாம். அதே மீட்புப் பட்டியலில் 'ரூட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வட்டு அப்போது படிக்க மட்டுமே திறந்திருக்கலாம். எழுதவும் திறக்க: மவுண்ட், இடைவெளி, சிறு கோடு, ஓ, இடைவெளி, ரீமவுண்ட், காற்புள்ளி, ஆர்.டபிள்யூ., இடைவெளி, சாய்கோடு. எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். பிறகு பி.ஏ.எஸ்.எஸ்.டபிள்யூ.டி. என்று தட்டி, இடைவெளி விட்டுப் பயனர் பெயர். புதிய கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள்!

இனி, முடுக்கவே மறுக்கும் கணிப்பொறி. மூணாற்றில் எஸ்டேட்டில் இருக்கும் என் மைத்துனருக்கு இது நேர்ந்தது. மழையில் மரம் விழுந்து மின்சாரம் போயிற்று. மடிக்கணினியின் பேட்டரியோ செத்துப்போனது. அடுத்த நாள் கறுப்புத் திரையில் 'இனிட்-ராம்-எஃப்.எஸ்.' என்ற எழுத்து மட்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றால் வட்டின் கணக்குப் புத்தகம் குழம்பிவிடும். அதைச் சரிபார்க்கும் கட்டளை எஃப்.எஸ்.சி.கே.; எந்தப் பகுதியைச் சரிபார்க்க வேண்டும் என்பதைத் திரையே சொல்லும். ஆனால் வட்டில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் இதைச் செய்யக்கூடாது. முதலில் நகல் எடுக்க வேண்டும்.

'முடுக்க வட்டு இல்லை' என்று செய்தி வந்தாலும் கலங்க வேண்டாம். பென்டிரைவ் செருகியபடி இருக்கிறதா என்று பாருங்கள். வின்டோசும் சேர்ந்திருக்கும் கணிப்பொறியில் அதன் புதுப்பிப்புக்குப் பின் முடுக்க வரிசை மாறியிருக்கலாம். கோப்புகள் அங்கேயேதான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யக்கூடிய ஒன்று உண்டு. வேறு கணிப்பொறியில் உபுண்டு பென்டிரைவ் ஒன்று தயாரித்து அதிலிருந்து முடுக்குங்கள். 'நிறுவு' என்பதைத் தொடாதீர்கள். 'முயன்று பார்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வட்டில் உள்ள 'ஹோம்' அடைவைத் திறந்து, வேண்டியதை வேறொரு பென்டிரைவில் நகலெடுத்த பிறகு எந்தப் பரிசோதனையும் செய்யலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நமக்கு இவ்வளவு எளிது என்றால், மடிக்கணினியைத் திருடியவனுக்கும் எளிதுதான். அதனால் சிலர் வட்டையே மறையாக்கம் செய்து வைக்கிறார்கள். அப்படிச் செய்த வட்டின் கடவுச்சொல்லை மறந்தால் மேலே சொன்ன எந்த வழியும் உதவாது. அதைக் காகிதத்தில் எழுதி, பத்திரம் வைக்கும் பெட்டியில் வையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் அன்றிரவே பத்திரத்தின் படத்தை இரண்டு பென்டிரைவ்களில் ஏற்றிக்கொண்டார். "அழிச்சிருந்தா என்னாகியிருக்குமுங்க" என்று பலமுறை சொன்னார். அழிப்பது கடைசி வழி. கடையில் முதலிலேயே அதைச் சொன்னால், "நகல் எடுத்தீர்களா?" என்று கேளுங்கள்.