தலையணையை எடுத்துவிடுங்கள்

தேத்தண்ணி ஆறுவதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் யாராவது மயங்கி விழுந்தால் முதலில் ஓடிவருவது தலையணை. அன்பினால்தான் வைக்கிறோம். ஆனால் தலை உயர்ந்து நாடி நெஞ்சோடு மடிய, மூச்சுப் போகும் வழி இன்னும் ஒடுங்கிவிடுகிறது.

மயக்கத்தில் தசையெல்லாம் தளரும். நாக்கும் தசைதானே, மல்லாந்து கிடப்பவருக்கு அது பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். பிறகு எவ்வளவு ஊதினாலும் காற்று உள்ளே இறங்காது. 1950களில் அமெரிக்காவின் பால்டிமோரில் பீற்றர் சேபர் என்ற மருத்துவர், தாமாக முன்வந்தவர்களுக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து கொடுத்து இதைச் சோதித்தார். தலையைப் பின்னால் சாய்த்து நாடியைத் தூக்கியதும் வழி திறந்தது.

ஆளை மெத்தையில் விடாமல் சீமெந்துத் தரையில் மல்லாத்துங்கள். ஒரு உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையைப் பின்னால் சாயுங்கள். மற்றக் கையின் இரண்டு விரலால் நாடி எலும்பைத் தூக்குங்கள். எலும்பில்தான் விரல் இருக்க வேண்டும். கீழே உள்ள மெல்லிய சதையை அமத்தினால் நாக்கு மேலும் உள்ளே தள்ளப்படும். மூச்சு இருக்கிறதா என்று பார்க்கப் பத்து விநாடிக்கு மேல் எடுக்காதீர்கள். விட்டுவிட்டு வரும் குறட்டை போன்ற இழுவையை மூச்சென்று நம்பிவிடவும் கூடாது. கைக்குழந்தைக்கு இவ்வளவு சாய்க்க வேண்டாம், முகம் நேரே கூரையைப் பார்த்தால் போதும்.

"தண்ணிக்குள்ள விழுந்த பிள்ளைக்கு முதல் வயித்துத் தண்ணியை எடுக்க வேண்டாமோ?" என்று கேட்பீர்கள். கிணறும் கேணியும் கடலுமாக இருக்கிற யாழ்ப்பாணக் குடாநாட்டில் கேட்கவேண்டிய கேள்விதான். வேண்டாம். தலைகீழாய்த் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் நேரத்தைத் தின்னும். வயிற்றிலிருந்து மேலே வருவது நுரையீரலுக்குள் போய்விடவும் கூடும். மூழ்கியவருக்கு மூச்சு நின்றதால்தான் இதயம் நிற்கிறது. ஆகவே கீரிமலையிலோ காரைநகர் கசூரினாவிலோ கரையேற்றியதும் வழியைத் திறந்து, மூக்கைப் பொத்தி, முதலில் ஊதுங்கள். நெஞ்சு எழும்பாவிட்டால் தலையைத் திரும்பச் சரிசெய்யுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று தொடருங்கள்.

பக்கத்தில் நிற்பவர் 1990-ஐ அழைக்கட்டும். 2018 ஜூலையிலிருந்து சுவசெரிய அம்புலன்ஸ் வடக்கிலும் இலவசமாக ஓடுகிறது. அது வரும்வரை ஒவ்வொரு முறை ஊதுவதற்கு முன்னும் நாடியைத் திரும்பத் தூக்குங்கள். அழுத்தும்போது தலை அசைந்து பழைய நிலைக்கு வந்திருக்கும்.