பழைய கூண்டு வண்டி

அருப்புக்கோட்டையில் நாம் அந்தப் பழைய கூண்டு வண்டியை வாங்கியது ஐப்பசி மாதத்தில். மழையில் ஊறிய சக்கரம் இறுகியே தோன்றிற்று. கூண்டுக்குப் புதுப்பாய் வேய்ந்ததோடு திருப்தியடைந்தோம். சித்திரை வெயிலில் மரம் சுருங்கும், இரும்புப் பட்டை சுருங்காது என்பதை யார் நினைத்தார்கள்? திருச்சுழிச் சாலையில் பாதி வழியில் பட்டை கழன்றது. உறங்கிய குழந்தைகள் சரிந்து விழுந்தனர், தெய்வாதீனமாகக் காயமில்லை.

சக்கரத்தை நீரில் ஊறப்போடலாமென்றால் கண்மாய் வறண்டு கிடந்தது. ஊறினாலும் அது நாலு நாள் வைத்தியமே. பக்கத்தூர்க் கொல்லர் பட்டையைச் சிறிது வெட்டிக் குறுக்கி, வறட்டி நெருப்பில் பழுக்கக் காய்ச்சினார். சூட்டில் விரிந்த இரும்பைச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றியதும், அது சுருங்கி வட்டையையும் ஆரக்கால்களையும் கவ்விக்கொண்டது. (அந்தத் தண்ணீரும் இரவல்தான்!)

ரமண மகரிஷி 1879-இல் அவதரித்த திருச்சுழியை இருட்டிய பின் அடைந்து, குண்டாற்றங்கரையில் வண்டியிலேயே படுத்தோம். இரவில் எத்தனை முறை எழுந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தோமென்று வீட்டில் இன்னும் கேலி செய்கிறார்கள்.